ஜாப் ஷீட்டில் ஏறாத புகாருக்கு வாரண்டி கிடையாது: புதிய கிராஸ்ஓவர் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

கார் நடுங்குகிறது என்று மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் புகார் சொன்னேன். மூன்று முறையும் ஜாப் ஷீட்டில், அதாவது நம் புகாரையும் செய்யும் வேலையையும் அவர்கள் எழுதும் தாளில், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவற்றில் ஒன்றில்கூட என் புகார் இல்லை. இதை நான் கண்டுபிடித்தபோது கார் ஓடாமல் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. கையில் 11,640 ரிங்கிட்டுக்கான பழுதுச் செலவு மதிப்பீடு இருந்தது.

என்னைப் போலவே குடும்பத்துக்காக இந்த வகைக் காரை வாங்கிய பலர் பினாங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது நடக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்த நிறுவனமானாலும் நடந்த விதம்தான் முக்கியம்.

2022 ஜூன் மாதம் நினைவிருக்கும். விற்பனை வரி விலக்கு அந்த மாதம் 30ஆம் தேதியோடு முடிகிறது என்று எல்லோரும் ஷோரூமுக்கு ஓடினோம். அதற்குள் பதிவு செய்தால் கார் பிறகு வந்தாலும் வரி இல்லை என்றார்கள். நானும் பதிவு செய்தேன். நவம்பரில் கார் வந்தது. கிராஸ்ஓவர் வகை: ஐந்து இருக்கை, உயரமான உடல், 1.5 லிட்டர் டர்போ, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். வாரண்டி 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வங்கிக் கடன் 9 ஆண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான காரில் ஏறி இறங்க முடியாது என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

வீடு புக்கிட் மெர்தாஜாமில், வேலை பாயான் லெப்பாஸில். தினமும் பினாங்குப் பாலம் கடக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பாலத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். பத்தடி நகரும், நிற்கும், மீண்டும் பத்தடி. முக்கால் மணி நேரம் அப்படியே போகும். 2024 பிப்ரவரியில், 27,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, அந்த ஊர்தலில்தான் முதல் நடுக்கம் வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் முன்னால் நகராமல் குலுங்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் பாயும். பின் இருக்கையிலிருந்து அம்மா கேட்டார்: “ஏன்ப்பா, கார் நடுங்குகிறதே?”

இந்த கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றே நான் தெரிந்துகொண்டிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். இதில் இரண்டு கிளட்ச் உண்டு. ஒன்று 1, 3, 5, 7ஆம் கியர்களுக்கு. மற்றது 2, 4, 6க்கு. பழைய ஆட்டோ கியரில் எண்ணெய் வழியாக விசை கடத்தும் கன்வெர்ட்டர் இருக்கும். ஊர்ந்து போனாலும் அது தாங்கும். இரட்டை கிளட்ச் காரில் அந்த வேலையைக் கிளட்ச் தட்டுகளே செய்கின்றன. மெதுவாக ஊரும்போது தட்டுகள் முழுதாகக் கவ்வாமல் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு. தட்டு எந்த இடத்தில் கவ்வத் தொடங்குகிறது என்பதைக் கணினி ஒரு கணக்காக நினைவில் வைத்திருக்கும். தட்டு தேய்ந்தாலோ, அதை இயக்கும் பகுதி சரியாக அழுத்தாவிட்டாலோ அந்தக் கணக்கு பிசகும். கார் நடுங்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தக் கணக்கை அழித்துக் கணினிக்குப் புதிதாகக் கற்பித்தால் நடுக்கம் சில வாரங்களுக்கு மறைந்துவிடும். நோய் போகாது. ஆனால் காரை வாங்கிக்கொண்டு போகிற வாடிக்கையாளருக்குச் சரியாகிவிட்டது போலத் தெரியும்.

அதைத்தான் எனக்குச் செய்தார்கள். 2024 மார்ச்சில் முதல் முறை. சர்வீஸ் ஆலோசகர் நம் பிள்ளைதான், மரியாதையாகப் பேசினார். “அண்ணே, மென்பொருள் புதுப்பித்துவிட்டோம். இனி வராது.” இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் அதே பாலத்தில் வந்தது. ஆகஸ்டில் மறுபடி போனேன். காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். “ஓட்டிப் பார்த்தோம் அண்ணே, ஒன்றும் தெரியவில்லை.” எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். சர்வீஸ் சென்டரைச் சுற்றியுள்ள சாலையில் என்றார். நெரிசலே இல்லாத சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால், முக்கால் மணி நேரம் சூடேறிய பிறகு வரும் நடுக்கம் எப்படித் தெரியும்? 2025 ஜனவரியில் மூன்றாம் முறை. அப்போது சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “இந்த வகை கியர் எல்லாமே இப்படித்தான் அண்ணே. ஓட்ட ஓட்டப் பழகிவிடும்.”

என் மனைவிக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை. அவள்தான் பாகான் ஆஜாமில் அவளுடைய அண்ணன் காரைப் பார்க்கும் பட்டறைக்குப் போகலாம் என்றாள். அந்தச் சீனப் பெரியவர் எதையும் கழற்றவில்லை. கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று அவரே சொன்னார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் கருவியைச் செருகி, கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளை மட்டும் படித்தார். கிளட்ச் அளவுக்கு மேல் சூடானதாக இரண்டு பதிவுகள். எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதும் அதிலேயே இருந்தது. இரண்டும் நான் மூன்றாம் முறை சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்த பிறகு வந்தவை. அதற்கு முந்தையவை எங்கே என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் அழித்திருப்பார்கள் என்றார். ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து 30 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். நான் செலவழித்ததிலேயே பயனுள்ள 30 ரிங்கிட் அதுதான்.

பிறகு ஜூன். டுரியான் காலம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாலிக் பூலாவ் புறப்பட்டோம். பாயா தெருபோங் தாண்டி மலைச்சாலையில் ஏறும்போது முன்னால் ஒரு லாரி. அதன் பின்னால் ஊர்ந்துகொண்டே ஏறினோம். மூன்றாவது வளைவில் திரையில் எச்சரிக்கை வந்தது: கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும். நிறுத்த இடமே இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், இஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. பின்னுக்குச் சரியத் தொடங்கியது. என் காருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் கணவன், மனைவி, நடுவில் குழந்தை. பிரேக்கையும் கைப்பிரேக்கையும் ஒன்றாகப் போட்டு நிறுத்தினேன். அந்த இளைஞன் வண்டியை ஓரமாக இழுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அவன் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் கை நடுக்கம் இழுவை வண்டி வரும்வரை நிற்கவில்லை.

அதனால்தான் “பழகிவிடும்” என்ற சொல்லை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சர்வீஸ் சென்டரில் 19 நாள் கார் கிடந்தது. பிறகு கூப்பிட்டார்கள். கிளட்ச் தொகுதியும் அதை இயக்கும் பகுதியும் போய்விட்டன, மாற்ற வேண்டும், 11,640 ரிங்கிட். வாரண்டி என்றேன். இரண்டு காரணம் சொன்னார்கள். 40,000 கிலோமீட்டர் சர்வீஸை நான் 40,900இல் செய்தேனாம். அதனால் நிபந்தனை மீறல். கிளட்ச் தட்டு தேயும் பொருள், பிரேக் பேட் போல. அது வாரண்டிக்குள் வராதாம். அதோடு மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் காரின் வரலாறு முழுவதும் அதில் இருந்தது. மார்ச் 2024: மென்பொருள் புதுப்பிப்பு. ஆகஸ்ட் 2024: பொதுச் சோதனை, கோளாறு காணப்படவில்லை. ஜனவரி 2025: வழக்கமான சர்வீஸ். “பாருங்கள் சார், இதற்கு முன் கியர்பாக்ஸ் பற்றி நீங்கள் புகாரே கொடுத்ததில்லை.”

வீட்டுக்கு வந்து அலமாரியைக் கவிழ்த்து மூன்று ஜாப் ஷீட்டையும் எடுத்தேன். வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் ஒன்றில் வெறும் கோடு. மற்ற இரண்டில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல். கீழே என் கையெழுத்து. வேலை நாளில் அரை நாள் விடுப்பெடுத்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் அவசரத்தில் போட்ட கையெழுத்து.

மேலாளர் கடைசியாக ஒரு சலுகை தந்தார். நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவை நிறுவனம் ஏற்கும். நான் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றேன்; இங்கேயே படித்துவிடுங்கள் என்றார்கள். படித்தேன். இந்தக் கோளாறு தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று அதில் இருந்தது. புதிதாகப் போடும் பாகம் அடுத்த மாதமே போனாலும் கேட்க முடியாது. போடவில்லை. அந்தச் சமயத்தில் 5,820 ரிங்கிட்டைச் சேமிக்கும் ஆசை எனக்கும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். காரோ அங்கே கிடக்கிறது, வங்கிக்கோ மாதா மாதம் தவணை போகிறது. பலர் அந்த இடத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்காதான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தைப் பற்றிச் சொன்னார். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை 50,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்கள் வர முடியாது. நிறுவனத்திலிருந்து அவர்களுடைய ஊழியர்தான் வருவார், நாம் நம் வாயால் பேசலாம். காரையே திருப்பிக்கொடுத்து முழு விலையையும் கேட்டால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் பழுதுச் செலவும் இழுவைக் கட்டணமும் தாராளமாக உள்ளே அடங்கும்.

அந்தச் சட்டத்தில் எனக்குத் தெம்பு தந்தது ஒன்று உண்டு. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டமே தரும் உத்தரவாதம். வாரண்டிப் புத்தகத்தில் எதை எழுதினாலும் இந்த உரிமையை அது பறிக்க முடியாது. நாம் என்னவோ அந்தச் சிறு புத்தகம்தான் வேதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறைபாட்டை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறிடத்தில் சரிசெய்துகொண்டு அந்தச் செலவைக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

செப்டம்பரில் பதிந்தேன். ஜாப் ஷீட்டில் இல்லாத புகாரை எப்படி நிரூபிப்பது என்பதுதான் கவலை. வாட்ஸ்அப் காப்பாற்றியது. மூன்று முறையும் போவதற்கு முன் அந்த ஆலோசகருக்கு நான் செய்தி அனுப்பியிருந்தேன். “இன்றும் பாலத்தில் நடுங்கியது” என்ற ஒரு செய்தியோடு 40 விநாடி காணொளியும் இருந்தது. “சரி அண்ணே, கொண்டு வாருங்கள்” என்ற அவருடைய பதிலும் இருந்தது. 40,000 சர்வீஸுக்கு 39,900இலேயே நேரம் கேட்டதும், அவர்கள் 16 நாள் தள்ளித் தேதி கொடுத்ததும் அதே இடத்தில் இருந்தன. எல்லாவற்றையும் அச்சடித்து, பாகான் ஆஜாம் பெரியவர் கொடுத்த தாளையும் சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.

நவம்பரில் விசாரணை. தீர்ப்பாயத் தலைவர் என் கோப்பைப் பத்து நிமிடம் புரட்டினார். பிறகு நிறுவனத்தின் பிரதிநிதியிடம் மலாயில் ஒரே கேள்விதான் கேட்டார்: இவர் மூன்று முறை எதற்காக வந்தார்? பதில் வரவில்லை. வெளியே உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார். அரை மணி நேரத்தில் ஒத்துக்கொண்டார்கள். கிளட்ச் தொகுதி, இயக்கும் பகுதி இரண்டும் இலவசம். மாற்றிய பாகத்துக்கு ஓராண்டு உத்தரவாதம். இழுவைக் கட்டணம் அவர்களுடையது. இந்தச் சமரசத்தைத் தலைவர் தீர்ப்பாகவே பதிந்தார். ஐந்து மாதம் வாடகைக் காருக்கும் கிராப்புக்கும் போன பணம் வரவில்லை. அதைக் கேட்டு இன்னும் இழுத்தடிக்க எனக்குத் தெம்பில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் இந்த வாரமே உங்கள் பழைய ஜாப் ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். புகார் கட்டத்தில் நீங்கள் சொன்னது இருக்கிறதா? இல்லையென்றால் தேதியையும் கிலோமீட்டரையும் குறிப்பிட்டு சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள், தொலைபேசியில் சொல்லாதீர்கள். அடுத்த முறை போகும்போது ‘நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு நடுங்குகிறது’ என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள். குறியீடுகளை அழிப்பதற்கு முன் அச்சடித்துக் கேளுங்கள். ஆலோசகரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கோளாறு வரும் நேரத்தில், வரும் சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தனியாக அலையத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். நம் ஆட்களுக்குத் தமிழிலேயே விளக்குவார்கள்.

என்னைப் போல 2022 வரிவிலக்கில் பதிந்தவர்களின் கார்கள் அந்த ஆண்டின் பிற்பகுதியிலும் 2023 தொடக்கத்திலும் வந்தன. ஐந்தாண்டு வாரண்டி என்றால் அது 2027 பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக முடியத் தொடங்கும். தினமும் பாலம் கடப்பவர்களுக்கு 150,000 கிலோமீட்டர் அதற்கு முன்பேகூட வந்துவிடலாம்.