போலிஸ்: பதில் பொத்தான் இல்லாத விவாத மேடை

பெயரைக் கேட்டதும் எங்கள் சங்கத்தில் ஒருவர், "போலீஸ் வரைக்கும் போகிற விஷயமா இது?" என்று பதறிவிட்டார். பழைய கிரேக்கத்தில் நகர அரசுக்குப் போலிஸ் என்று பெயர், அதைத்தான் இந்த இணையக் கருவிக்கு வைத்திருக்கிறார்கள். மூலநிரல் திறந்தே கிடக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம்.

ஒரு கேள்வியை வைத்தால் அதன் கீழ் மற்றவர்கள் எழுதிய சின்ன வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வரும். ஏற்கலாம், மறுக்கலாம், இல்லை தாண்டிப் போகலாம். நாமும் 140 எழுத்துக்குள் ஒன்று எழுதிப் போடலாம். ஆனால் யாருக்கும் பதில் எழுத முடியாது. வாயைக் கட்டிப்போட்டு என்ன விவாதம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டது சந்தாவை உயர்த்தும் பிரச்சினை. வாட்ஸ்அப்பில் அதே பிரச்சினைக்கு இரண்டு பேர் மல்லுக்கட்ட, மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இங்கே சண்டை போட இடமே இல்லாததால் வேடிக்கை பார்த்தவர்கள் வாக்களித்தார்கள். யார் யார் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்று பார்த்து இந்தக் கருவி குழுக்களாகப் பிரித்து வரைபடம் போடுகிறது, அப்புறம் எல்லாக் குழுக்களும் ஒப்புக்கொண்ட வாக்கியம் எது என்பதையும் காட்டுகிறது. "மாதாமாதம் கணக்கு காட்டினால் கூடுதல் சந்தா கட்டுவேன்" என்ற வரியை எங்களில் இரண்டு தரப்பும் ஏற்றிருந்தது. எழுதியவர் யார் என்று இன்று வரை தெரியாது.

தைவானில், சட்டப் பிரச்சினைகளுக்கு இணையத்தில் மக்கள் கருத்தைக் கேட்கும் வி-தைவான் (vTaiwan) என்ற முயற்சியில், 2015இல் ஊபர் வாடகைக் கார் பிரச்சினைக்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆதரவும் எதிர்ப்பும் தனித்தனியாக நின்றாலும், பயணிக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்றவற்றில் இரு தரப்பும் ஒத்துப்போனது. ஆனால் அப்படிக் கிடைக்கிற முடிவுக்கு அரசு கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றில்லை, அங்கேதான் இது சறுக்குகிறது. கேட்கிறவர் காதை மூடிக்கொண்டால் வரைபடம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பக்கத்தோடு தொடங்கிவிட்டோம், முதலில் வந்தவர்கள் வாக்களிக்க எதுவுமில்லாமல் திரும்பிப் போனார்கள். பத்துப் பதினைந்து வாக்கியங்களை, எல்லாத் தரப்பிலிருந்தும், முன்பே போட்டு வையுங்கள். ஒரு வாக்கியத்தில் இரண்டு விஷயத்தைச் சேர்த்தால் எதை ஏற்றார்கள் என்பதே புரியாது. புள்ளிகள் நிறைந்த அந்த வரைபடத்தைப் பார்த்துப் பாதிப்பேர் விழிக்கிறார்கள், யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். பெயர் கேட்காமல் திறந்து வைத்தால் ஒரே ஆள் வேறு வேறு போன், கணினியிலிருந்து வரலாம், அதனால் தேர்தல் மாதிரி எண்ணிக்கைக்கு இது வேண்டாம். பத்துப் பேர் மட்டும் இருக்கிற குழுவுக்கும் வேண்டாம், நேரில் பேசிவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். இரண்டு மாதமாகக் கணக்கு ஒழுங்காக வருகிறது, சந்தாதான் இன்னும் ஏறவில்லை.