என் பாட்டைச் சாம்பிளாகக் காட்டி உங்களிடம் பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்

போன வாரம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து நாதஸ்வரம் வாசிக்கும் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, சென்னையிலருந்து ஒரு கம்பெனிக்காரங்க பேசினாங்க. ஆல்பம் சாங் எடுத்துத் தர்றாங்களாம், பத்து லட்சம் வியூஸ் கேரண்டியாம். உங்க பாட்டைத்தான் போட்டுக் காமிச்சாங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதே கம்பெனியிடம் நான் நஷ்டப்பட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தை வைத்தே அவர்கள் அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன் நான். நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியர், பாட்டு எழுதுவார். எங்கள் முதல் பாட்டை 14,000 ரூபாயில் முடித்தோம். போனிலேயே படம்பிடித்து என் சேனலில் போட்டோம். ஆறு மாதத்தில் 22,000 பேர் பார்த்தார்கள். அடுத்ததைப் பெரிதாகச் செய்வோம் என்று நினைத்தபோதுதான் இந்தக் கம்பெனி அறிமுகம். வடபழனியில் ஆபீஸ், சுவரெல்லாம் போஸ்டர். மொத்தம் 2,85,000 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். படப்பிடிப்புக்கு 1,60,000, எடிட்டிங்குக்கும் டிஐ என்கிற வண்ணத் திருத்தத்துக்கும் 35,000, புரமோஷனுக்கு 90,000. என் மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்தேன். நண்பர் பிஎஃப்-இல் கடன் எடுத்தார்.

பாட்டு கரகாட்டத் தாளத்தில் அமைந்தது. நையாண்டி மேளம் வாசிக்கும் நாலு பேரை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து நேரடியாகவே பதிவு செய்தோம். அந்தக் கூலியை நான் தனியாகக் கொடுத்தேன். தவிலும் பம்பையும் சேர்ந்து விழும் அந்த முதல் எட்டு நொடியை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பெருமைதான்.

படப்பிடிப்புக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையைச் சொன்னார்கள். தாமரைக் குளம், அய்யனார் கோவில், பின்னால் பாறை. இடம் அருமை என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மலை, படம்பிடிக்க முறையான அனுமதி வேண்டும். "பர்மிஷன் வாங்கியாச்சு சார்" என்று 15,000 கணக்கில் எழுதியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு யூனிட் வண்டி வந்தது. எட்டு மணிக்குக் காவலர் வந்து அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனவர் அரை மணி நேரம் திரும்பவே இல்லை. கரகம் சுமந்து நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் கட்டிய சும்மாட்டோடு வெயிலில் நின்றுகொண்டே "தம்பி, இறக்கி வைக்கவா, வேண்டாமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தெரிந்தவர் தென்னந்தோப்புக்குப் போனோம். அந்த 15,000 திரும்பி வரவில்லை. ரெட் என்கிற சினிமா கேமரா என்று பில்லில் இருந்தது. வந்தது கல்யாண வீட்டில் கிம்பலில் வைத்து எடுக்கிற சிறிய கேமரா. கேட்டதற்கு, "அவுட்புட்ல வித்தியாசமே தெரியாது சார்" என்றார்கள். இதற்கெல்லாம் அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். ஆட்கள் காத்திருக்கிறார்கள், வெளிச்சம் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது புரமோஷன். வெளியிட்ட ஒன்பதாவது நாளே 10,04,000 பார்வை. வீட்டில் கேசரி கிண்டினோம். சொந்தக்காரர்கள் எல்லாம் போன் செய்தார்கள். கருத்துப் பெட்டியில் இருந்தது 41 கருத்து. அதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இரண்டு வார்த்தைப் பாராட்டு, பெயர்களோ எந்த ஊர்ப் பெயர் என்றே தெரியவில்லை. புரமோஷன் நின்ற மறுநாள் பார்வை நாற்பதுக்கு இறங்கியது. நாளொன்றுக்கு நாற்பது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால் மொத்தமே 7,60,000 என்று காட்டியது. போலிப் பார்வை என்று கண்டுபிடித்தால் யூடியூப் கழித்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் சேனல்காரர்களுக்குக் கணக்கு காட்டும் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து உட்கார்ந்தேன். தம்பிகளே, நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பார்வை எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும். எனக்கு 7,42,000 பார்வை யூடியூப் விளம்பரம் வழியாக வந்திருந்தது. அதாவது, யாரோ வேறு எதையோ பார்க்க வந்தபோது நடுவில் என் பாட்டு விளம்பரமாக ஓடியிருக்கிறது. இந்த மாதிரி விளம்பரத்தை ஐந்து நொடியில் தள்ளிவிடலாம். 30 நொடி ஓடிவிட்டால் ஒரு பார்வை என்று கணக்கு. என் பாட்டு 4 நிமிடம் 12 நொடி. சராசரியாகப் பார்த்த நேரம் 31 நொடி. எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோடு 30 நொடியைத் தாண்டியதும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. பல்லவியே 38-வது நொடியில்தான் வரும். ஏழு லட்சம் பேரில் பெரும்பாலானோர் பல்லவியையே கேட்கவில்லை.

விளம்பரம் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, பெரிய கம்பெனிகளும் கொடுக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் வந்த பார்வையை இசைத் தரவரிசையில் சேர்ப்பதில்லை என்று யூடியூபே 2019 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. அவர்களே மதிக்காத எண்ணை நம்மிடம் கேரண்டி என்று விற்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் யூடியூப் விளம்பரம் கொடுக்கிற கூகுள் ஆட்ஸ் கணக்கை உங்கள் பெயரிலேயே தொடங்கி, பணத்தை நீங்களே கட்டி, வேலை பார்ப்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். எந்த மாவட்டத்தில் ஓடியது, எவ்வளவு செலவானது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு 90,000 ரூபாய்க்கு ஒரு ஜிஎஸ்டி பில்கூடத் தரவில்லை.

வருமானமாவது வந்ததா என்றால், ஒரு ரூபாய் இல்லை. என் சேனலில் இருந்த என் பாட்டின் மீதே பதிப்புரிமை உரிமைகோரல் விழுந்திருந்தது. ஸ்பாட்டிஃபை, ஜியோசாவனில் போடுகிறோம் என்று ஆடியோவை வாங்கிக்கொண்டு போனவர்கள், இந்தத் தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தர் மூலம் தங்கள் பெயரில் பதிந்திருக்கிறார்கள். அதனால் வீடியோவில் வரும் விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும். நான் ஆட்சேபம் தெரிவித்தேன். உரிமை கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. கடைசி நாளில் நிராகரித்தார்கள்.

வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டியபோது மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். "ஒலிப்பதிவின் தயாரிப்பாளர்" என்ற இடத்தில் கம்பெனி பெயர். பதிவின் உரிமை அவர்களுக்கு, உலகம் முழுக்க, நிரந்தரமாக. காசு முழுக்க எங்களுடையது, தயாரிப்பாளர் அவர்கள்! ஆங்கிலத்தில் ஆறு பக்கம் இருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். ஒரு ஆறுதல், 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள ராயல்டி உரிமையை மொத்தமாக எழுதி வாங்கிவிட முடியாது. வக்கீல் நோட்டீஸ் போனபின் உரிமைகோரலை விலக்கிக்கொண்டார்கள். பணம் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது என்பதால் அங்கே போகிறோம். வியாபாரத்துக்காக எடுத்த சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடும், பிழைப்புக்காகச் செய்தது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு அதே ஆட்கள் போன மாதம் கூப்பிட்டு அடுத்த பாட்டுக்கு 4,50,000 கேட்டார்கள். "இப்ப நிறுத்துனா போட்ட காசும் போயிடும் சார், சேனல் சூடா இருக்கு." உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் யோசித்தேன். போட்ட காசை எடுக்க இன்னும் காசு போடத் தோன்றும் அந்த நினைப்பு லேசில் போகாது. என் மனைவிதான் ஒரு கேள்வி கேட்டாள். "விளம்பரத்தைக் கழிச்சா எத்தனை பேரு பாத்திருக்காங்க?" கழித்தேன். 18,000. போனில் எடுத்த முதல் பாட்டைவிடக் குறைவு.

அந்த 18,000 பேரில் கத்தாரில் லாரி ஓட்டும் ஒருவர், ராத்திரி வண்டியில் இந்தப் பாட்டைத்தான் போடுகிறேன், எங்கள் ஊர்த் திருவிழா ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தார். அவர் காதில் விழுந்தது தவிலும் பம்பையும்தான், கேமரா இல்லை.

அதனால் முடிவு செய்துவிட்டோம், இனி செலவு செய்து வீடியோ எடுப்பதில்லை. அதே நாலு பேரோடு வரும் சனிக்கிழமை அடுத்த பாட்டைப் பதிவு செய்கிறோம். ஒரு புகைப்படமும் வரிகளும் போட்டு என் சேனலில் வரும். ஆடியோவை நானே என் பெயரில் விநியோகத்துக்குக் கொடுக்கிறேன்.

திண்டுக்கல் தம்பி இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த மூன்றாம் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என்னைப் போல மாட்டியிருந்தால் சொல்லுங்கள், ஆணையத்தில் சேர்ந்தே மனு கொடுப்போம்.