ஈம் கிராமம்: கடைத்தெருவோடு திரும்பிவிடாதீர்கள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இருக்கிறது இந்த ஊர். பெயரை ‘ஈம்’ என்று சொல்ல வேண்டும். Eyam என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘எயாம்’ என்று கேட்காதீர்கள்.

1665-ல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு பிளேக்கும் வந்தது என்பது ஊர் வரலாறு. அடுத்த ஆண்டு ஜூனில், பாதிரியார் வில்லியம் மாம்பசனும் அவருக்கு முன்பிருந்த தாமஸ் ஸ்டான்லியும் சொன்னதை ஏற்று, நோய் அக்கம்பக்கம் பரவாமலிருக்க ஊரே எல்லைக்குள் அடைந்து கிடந்தது. இறந்தவர்கள் சுமார் 260 பேர்.

முதலில் ஹாக்ஹில் சாலை அருங்காட்சியகம். இதைப் பார்க்காமல் போனால் மற்றதெல்லாம் வெறும் கல்வீடுகள்தான். திங்கட்கிழமை பெரும்பாலும் திறப்பதில்லை, குளிர்காலத்திலும் மூடிவிடுவார்கள். கிளம்புமுன் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்துமிடம் எதிரிலேயே. ரயிலில் வந்தால் கிரிண்டில்ஃபர்டில் இறங்க வேண்டும். அங்கிருந்து நடை ஏற்றம்தான்.

தேவாலய வளாகத்தில் ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவையும் மாம்பசனின் மனைவி கேத்தரின் கல்லறையும் உள்ளன. பக்கத்திலேயே பிளேக் வீடுகள். யார் யார் இறந்தார்கள் என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கூடாது.

பலரும் இதோடு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஊரின் உயிர் வெளியேதான் இருக்கிறது. ஸ்டோனி மிடில்டன் போகும் வயல்வழியில் எல்லைக்கல் கிடக்கிறது. அதில் ஆறு குழிகள். அடைந்து கிடந்த அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் அவற்றில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். வினிகர் நோயைக் கொல்லும் என்பது அன்றைய நம்பிக்கை. குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள், விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும். மழைக்குப் பின் இந்தப் பாதை சேறு. பிடிமானமுள்ள பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஊருக்குக் கிழக்கே, சரிவில், ரைலி கல்லறைகள். புல்வெளி நடுவே வட்டமான தாழ்ந்த கல்மதில், உள்ளே ஏழு பேருக்கான கற்கள். எலிசபெத் ஹான்காக் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். கற்களில் உள்ள தேதிகளை வரிசையாகப் படியுங்கள்.

மாம்பசன் கிணறு ஊருக்கு மேலே, செங்குத்தான சாலையில். நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம். மற்றதற்கு நான்கு மணி நேரம் வையுங்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு நினைவு வழிபாட்டு நாள். அன்று கூட்டம் சேரும், காலையிலேயே போய்விடுங்கள்.