ட்வைனா, இங்க்கா? கேம் கதை எழுத வருகிறவர்களுக்கு

கேமுக்குக் கதை எழுத ஆசைப்படும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: ட்வைனில் தொடங்கட்டுமா, இங்க்கிலா? இரண்டுமே, ஆடுபவர் எடுக்கும் தேர்வுக்கு ஏற்பக் கிளை பிரியும் கதைகளை எழுத உதவும் கருவிகள். இரண்டிலும் பல வருஷம் எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்.

செலவு: இரண்டுமே இலவசம். ட்வைனை கிறிஸ் கிளைமஸ் 2009-இல் வெளியிட்டார். இங்க்கை இங்க்கிள் நிறுவனம் 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

பழகுவது:
ட்வைன் – இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதினால் போதும், கதையின் அடுத்த பகுதிக்கு அந்தப் பெயரில் புதுப் பெட்டி திரையில் தானாக முளைக்கும். முதல் நாளே கதை ஓடும்.
இங்க் – வெறும் எழுத்துக் கோப்பு. குறிகள் கைக்கு வரச் சில நாள் ஆகும்.

கதை பெருத்தால்:
ட்வைன் – நூறு பெட்டி தாண்டினால் திரை சிலந்திவலை மாதிரி ஆகிவிடும். அறுந்த ஒரு பாதையைத் தேடியே எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிருக்கிறது.
இங்க் – இங்கேதான் இது ஜெயிக்கிறது. நட்சத்திரக் குறி போட்ட தேர்வு ஒருமுறை எடுத்ததும் மறைந்துவிடும். கூட்டல் குறி போட்டால் மறுபடியும் வரும். காவலாளியிடம் "உன் பேர் என்ன?" என்று இரண்டாம் தடவை கேட்கும் அபத்தம் அந்த ஒரு குறியில் நின்றுபோகும். ஆடுபவர் ஏற்கெனவே பார்த்ததைக் கதை மறக்கக் கூடாது. நான் தாமதமாகக் கற்ற பாடம் அது.

வெளியிடுவது:
ட்வைன் – ஒரே எச்டிஎம்எல் கோப்பு, உலாவியில் திறக்கும்.
இங்க் – கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியோடு இணையும். 2014-இல் வந்த '80 டேஸ்' கேம் இங்க்கில் எழுதப்பட்டதுதான்.

தனியாக, சின்னதாக, இந்த வாரமே முடிக்க வேண்டுமா? ட்வைன். நிரலாளர்களோடு பெரிய கேமில் வேலை என்றால் இங்க். அப்புறம், கதையின் கிளைகளை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால், ட்வைனில் வரைந்து பார்த்துவிட்டு இங்க்கில் எழுதுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.