லண்டனில் இந்தியச் சாப்பாடு: எந்தக் கடையில் எதைக் கேட்பது

லண்டனில் இந்தியச் சாப்பாடு தேடுகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, அடுப்படியில் நிற்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைத்தான். பலகையில் எல்லாரும் ‘இந்தியன்’ என்றே போடுவார்கள். உள்ளே வங்கதேசத்துச் சில்ஹெட்காரர் இருக்கலாம். பஞ்சாபி, குஜராத்தி, மலையாளி, யாழ்ப்பாணத்தாரும் இருக்கலாம். அவரவர் கைக்குப் பழகியதைக் கேட்டு வாங்கினால் இந்த நகரத்தில் மிக நன்றாகச் சாப்பிடலாம். மெனுவில் இருக்கிறதே என்று கறி ஹவுஸில் மசால் தோசை கேட்டால் காசு வீண்.

பிரிக் லேன் தொடங்கிப் பல பேட்டைகளிலும் உள்ள பழைய பாணிக் கறி ஹவுஸ்களைப் பெரும்பாலும் நடத்துவது வங்கதேசத்துச் சில்ஹெட் மக்கள். அங்கே சமையல் ஒரே அடிக்குழம்பை நம்பி நடக்கிறது. ஏராளமான வெங்காயத்தைக் கொஞ்சம் கேரட், குடைமிளகாய், தக்காளி, இஞ்சி பூண்டு, மஞ்சளோடு குழைய வேகவைத்து, நீர்க்க அரைத்து வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் எண்ணெயில் இஞ்சி பூண்டு விழுது, மசாலாத் தூள், தக்காளி விழுது வதக்கி, அந்தக் குழம்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பெருந்தீயில் சுண்டவைத்து, ஏற்கெனவே வெந்த கோழித் துண்டுகளைப் போட்டு இறக்குவார்கள். பத்து நிமிடத்துக்குள் தட்டு தயார். தேங்காய்த் தூளும் கிரீமும் சர்க்கரையும் சேர்ந்தால் கோர்மா. மிளகாய்த் தூளும் எலுமிச்சைச் சாறும் கூடினால் மெட்ராஸ். அப்படியொரு கறி நம் சென்னையில் எந்த வீட்டிலும் கிடையாது. இன்னும் காரம் ஏற்றி உருளைக்கிழங்கு போட்டால் விண்டலூ, பருப்பு சேர்த்தால் தன்சாக்.

ஆகவே நான்கு பேர் நான்கு பெயரில் கறி கேட்டால், மேசைக்கு வருவது ஒரே அடிக்குழம்பின் நான்கு நிறங்கள். குழம்புக் கறி ஒன்று, தந்தூரில் சுட்டது ஒன்று, தட்கா தால் ஒன்று, காய்ப் பொரியல் ஒன்று என்று பிரித்துச் சொல்லுங்கள். நான் ரொட்டி இரண்டு பேருக்கு ஒன்று போதும். ஐந்து நிமிடத்தில் வறண்டுவிடும் என்பதால் கறியோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். குழம்பு சரியாகச் சுண்டியிருந்தால் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். தண்ணீராக ஓடி, வேகவைத்த வெங்காய வாடை அடித்தால் அவசரத்தில் இறக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்ததுமே வரும் அப்பளமும் சட்னித் தட்டும் பல கடைகளில் இலவசம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும்; வேண்டாம் என்றால் அப்போதே சொல்லிவிடலாம்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு வைட்சேப்பல். ஃபீல்ட்கேட் தெருவில் 1972 முதல் இருக்கும் தய்யப்ஸ் உணவகத்தின் ஆட்டு நெஞ்செலும்பு சாப்ஸுக்காகவே அங்கே வரிசை நிற்கிறது. பஞ்சாபிக் கை அது: மசாலாவில் ஊறிய இறைச்சி, கடுந்தீ, விளிம்பில் லேசான கருகல். இங்கே கோர்மா கேட்க வேண்டாம். பம்பாயில் ஈரானியர் நடத்திய பழைய தேநீர்க் கடைகளான இரானி கஃபே பாணியில் 2010ல் தொடங்கிய டிஷூம் உணவகத்தில் 24 மணி நேரம் வேகும் கறுப்பு தால் மட்டும் போதும், மற்றதெல்லாம் பிறகுதான். குஜராத்திச் சைவத்துக்கு வெம்ப்ளியின் ஈலிங் ரோடு. வெங்காயம் பூண்டு சேர்க்காத ஜைனச் சமையலும் அங்கே கேட்டால் கிடைக்கும்.

தோசைக்கு ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ. மாவு நன்றாகப் புளிக்க 27, 28 டிகிரி வெப்பமாவது வேண்டும். லண்டன் குளிரில் அது தானாக அமையாது. மாவை வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கடையில்தான் இட்லி இட்லியாக இருக்கும். சோடா உப்பைப் போட்டுச் சமாளிக்கிற கடையை எளிதில் கண்டுபிடிக்கலாம்: தோசை சட்டென்று ஆழ்ந்த பழுப்பு ஏறும், புளிப்பு இருக்காது, நாக்கில் சோப்பு போன்ற கசப்பு நிற்கும். புதுக் கடையில் முதலில் இட்லியைக் கேளுங்கள். மசாலாவும் நெய்யும் மறைக்காத பண்டம், மாவின் தரம் உடனே தெரிந்துவிடும். விரலால் அழுத்தினால் குழி மேலெழ வேண்டும்.

இதே பேட்டைகளில் உள்ள ஈழத்தமிழர் கடைகளைத்தான் லண்டனின் சொத்து என்பேன். மல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்துச் சேர்த்த யாழ்ப்பாணத் தூளில் வைத்த நண்டுக் கறி, இடியப்பம், தேங்காய்ப்பாலில் வைத்த சொதி, தேங்காய்ச் சம்பல், மட்டன் ரோல்ஸ். இவ்வளவு நல்ல சாப்பாட்டை மேற்கு லண்டன் கடைகள் பலவற்றைவிடக் குறைந்த விலையில் கொடுக்கிறார்கள். ரொட்டியைக் கொத்திக் கறியோடு கிளறும் கொத்து ரொட்டியைக் கேட்கும்போது ரொட்டி அன்றைக்குப் போட்டதா என்று விசாரியுங்கள். உறைபெட்டிப் பரோட்டாவைக் கொத்தினால் கொழுப்பு கக்கிக் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். கொத்தைப் பார்சல் வாங்காமல் அங்கேயே சாப்பிடுவது நல்லது; மூடிய டப்பாவில் ஆவி தங்கிக் களியாகிவிடும்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எந்தக் கடையிலும் ஆர்டருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாதாம் தூளுக்குப் பதில் மலிவான நிலக்கடலைத் தூள் கலந்த கறியைச் சாப்பிட்டு 2014ல் வட யார்க்ஷயரில் ஒருவர் இறந்தார். கடை முதலாளிக்கு 2016ல் ஆறாண்டுச் சிறை. 14 ஒவ்வாமைப் பொருட்களில் எது எதில் இருக்கிறது என்று சொல்வது கடையின் சட்டக் கடமை, கூச்சமில்லாமல் கேளுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் பச்சை நிறச் சுகாதார மதிப்பெண்ணையும் பாருங்கள். 5 தான் உச்சம். இங்கிலாந்தில் அதை ஒட்டுவது கட்டாயம் இல்லை என்பதால், காணோம் என்றால் உணவுத் தர முகமையின் (Food Standards Agency) இணையதளத்தில் தேடலாம்.

நகர மையக் கடைகளில் பெரும்பாலும் 12.5% சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும். 80 பவுண்டு பில் 90 ஆகும். அது விருப்பத் தொகை என்றிருந்தால், கவனிப்பு மோசமானால் எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம். அது பில்லில் இருந்தும் கார்டு மெஷின் மறுபடி டிப்ஸ் கேட்டால், இரண்டாம் முறை கொடுக்கத் தேவையில்லை.