இன்ஜின் ஒன்று, டிராக்டர் மூன்று

கோஹ்லர் என்றதும் நம் ஆட்களுக்குக் குளியலறைக் குழாயும் வாஷ்பேசினும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள அதே நிறுவனம் சிறு இன்ஜின்களும் செய்தது. 1961இல் வந்த வீல் ஹார்ஸ் 701, அதே ஆண்டின் முதல் கப் கேடட், 1963இல் வந்த ஜான் டீர் 110 ஆகிய மூன்று புல்வெட்டும் தோட்ட டிராக்டர்களையும் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே கோஹ்லர் கே161. ஒரே சிலிண்டர், வார்ப்பிரும்பு உடம்பு, 7 குதிரைத்திறன்.

ஆகவே, பழைய தோட்ட டிராக்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் "எந்த இன்ஜின் நல்லது?" என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். பின்னால் வந்த 8, 10, 12 குதிரைத்திறன் மாடல்களிலும் பெரும்பாலும் இதே கே வரிசைதான். பார்க்க வேண்டியது இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை. மூன்று கம்பெனிகளும் பிரிந்து போன இடம் அதுதான்.

இன்ஜினைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் சின்ன அகப்பை மாதிரி ஒரு நாக்கு இருக்கும். அது சுற்றுகிற வேகத்தில் கீழே கிடக்கும் ஆயிலை வாரி இறைக்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆயில் குறைந்தாலோ, செங்குத்தான சரிவில் வெகுநேரம் ஓட்டினாலோ ராடு உடைந்து பக்கவாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். எந்த நிற டிராக்டராக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

சரி, மஞ்சள் வண்டிக்கு வருவோம். கப் கேடட் செய்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், கென்டக்கியின் லூயிவில் ஆலையில். வயலில் உழுத ஃபார்மால் கப் டிராக்டரின் பல்சக்கரங்களைத் தழுவித்தான் இதன் பின்பக்க கியர்பாக்ஸை வடிவமைத்தார்கள். தோட்டத்துக்கு என்று செய்ததில் வயல்காட்டு எலும்பு! முதல் மாடலில் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் பெல்ட்தான் போனது. 1963இல் வந்த 70, 100 மாடல்களிலிருந்து அதையும் எடுத்துவிட்டு நேரே ஷாஃப்ட் வைத்தார்கள். மழை பெய்து புல் நனைந்திருந்தாலும், கலப்பை மாட்டி இழுத்தாலும், பெல்ட் வழுக்குகிறது என்ற பேச்சே இல்லை. இழுவைதான் வேலை என்றால் இதற்கு நிகர் இந்த மூன்றில் வேறில்லை.

ஆனால் கிளட்ச் தேய்ந்தால் தெரியும் சேதி. கிளட்ச் அந்த ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்ற ஷாஃப்டைப் பிரிக்க வேண்டும். ஷாஃப்டைப் பிரிக்க, இணைப்பில் குறுக்கே அறைந்திருக்கும் ரோல் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். அறுபது வருடத் துரு அந்தப் பின்னை ஷாஃப்டோடு சேர்த்து ஒட்டிவைத்திருக்கும். சுத்தியலை முழுசாக ஓங்க இடமிருக்காது. இரண்டு சட்டத்துக்கும் நடுவே கையை நுழைத்து, அரை வீச்சு அரை வீச்சாக அடிக்க வேண்டும். முதல் நாள் மாலையே துருநீக்கி எண்ணெயை ஊற்றி ஊறப் போட்டுவிட்டுப் போவது புத்திசாலித்தனம். 1974இல் வந்த 'க்வயட் லைன்' மாடல்களில் இன்னொரு வம்பு. அதிர்வும் சத்தமும் குறைய இன்ஜினை ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார வைத்தார்கள். ரப்பர் நைந்ததும் இன்ஜின் கீழே இறங்கிவிடும், ஷாஃப்ட் கோணலாகச் சுற்றும். பானட்டைத் திறந்து இன்ஜினைக் கையால் அசைத்துப் பார்க்காமல் அந்த வரிசையில் எதையும் வாங்காதீர்கள். அப்புறம், 1981இல் இந்த வியாபாரம் எம்டிடி நிறுவனத்துக்குக் கைமாறியது. மேலே சொன்னதெல்லாம் அதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றித்தான்.

பச்சை வண்டி ஜான் டீர் 110. விஸ்கான்சினின் ஹொரிகான் ஆலையில் பிறந்தது. இதன் சிறப்பு வேரியேட்டர் எனும் பெல்ட் கப்பி. கப்பியின் நடுத்தட்டு பக்கவாட்டில் நகரும், அதற்கேற்ப பெல்ட் உள்ளே இறங்கும் அல்லது வெளியே ஏறும், வேகம் மாறும். கியரைத் தொடாமலே, ஓட்டிக்கொண்டே, லீவரால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பூச்செடியைச் சுற்றி வளைக்கும்போது இந்த வசதியின் அருமை புரியும். கிரீஸ் போட மறந்தவர்களின் வண்டியில் அந்தத் தட்டு இறுகிப்போய், லீவர் அசைந்தாலும் வேகம் அசையாது. ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

டீரில் நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தப் பச்சைக்குத்தான் போகிறது. 1969 முதல் 1971 வரை வந்த 'பேட்டியோ' வரிசைக்கு இன்னும் மோசம். வெள்ளை உடம்பில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று பானட்டும் சீட்டும் வைத்து விற்றார்கள். அன்று வாங்க ஆளில்லாமல் டீலர்கள் பச்சை அடித்து விற்ற கதையெல்லாம் உண்டு. இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். புல் வெட்டப் போகிறவருக்கு அது தேவையா? வேலைக்கென்றே ஒரு டீர் வேண்டுமென்றால் 140ஐப் பாருங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, அதாவது ஆயில் அழுத்தத்தால் சக்கரம் சுற்றும்; கிளட்சும் கியருமாக மல்லாடாமல் முன்னும் பின்னும் போகும். பனி தள்ளுகிறவர்களுக்கு அது வரம். 1980களின் 318 சொகுசுதான். ஆனால் அதில் இருப்பது ஓனன் இரட்டை சிலிண்டர் இன்ஜின், உதிரிபாகத்துக்குக் காசு கொடுத்து மாளாது.

கடைசியாகச் சிவப்பு. இந்தியானாவின் சவுத் பெண்டில் செய்த வீல் ஹார்ஸ். மூன்றிலும் எளிமையானது. இன்ஜினிலிருந்து பின்னால் ஒரே ஒரு பெல்ட். கிளட்சை மிதித்தால் பெல்ட் தளரும், விட்டால் இறுகும். கிளட்ச் என்று தனியாக ஒரு பொருளே கிடையாது! பெல்ட் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். பின்னால் இருக்கும் வார்ப்பிரும்பு கியர்பாக்ஸைக் கம்பெனியே செய்தது. சி வரிசையின் 'எட்டு வேக' வண்டியில் முன்னே ஆறு, பின்னே இரண்டு.

இதிலும் பார்க்க வேண்டியவை உண்டு. கியர் குச்சியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை வெடித்திருந்தால், வெளியில் கிடந்த காலமெல்லாம் மழைநீர் உள்ளே இறங்கியிருக்கும். கியர்பாக்ஸின் அடிமூடியை லேசாகத் தளர்த்திக் கொஞ்சம் ஆயிலை விரலில் பிடியுங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்தால் சக்கரம் அசையாது. இன்னொன்று, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று சத்தம் வந்தால் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் ஆக்ஸிலின் மேல் தளர்ந்திருக்கிறது, இரண்டையும் பூட்டிவைக்கும் 'கீ' எனும் இரும்புத்துண்டு தேய்ந்துபோயிருக்கிறது.

என்னைக் கேட்டால், முதல் முறை வாங்குகிறவருக்குச் சிவப்புதான். காய்கறித் தோட்டத்துக்கு உழப்போகிறேன் என்றால் மஞ்சள். பச்சை வேண்டுமென்பவருக்கு நான் சொல்லி எதுவும் மாறப்போவதில்லை.

எந்த நிறமானாலும் பேரம் பேசுவதற்கு முன் குனிந்து புல்வெட்டி டெக்கின், அதாவது பிளேடை மூடியிருக்கும் தகரக் கூட்டின், அடியைப் பாருங்கள். ஈரப்புல் ஒட்டி ஒட்டி, தகரம் அப்பளமாக நொறுங்கியிருக்கும். அந்தக் காலத்து டெக் தனியாகத் தேடினால் சில சமயம் முழு டிராக்டரின் விலையைச் சொல்வார்கள். பழைய வண்டிகளில், நீங்கள் சீட்டை விட்டு எழுந்தாலும் பிளேடு நிற்காது. ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது பிள்ளைகளை மடியில் ஏற்றாதீர்கள், பக்கத்திலும் விடாதீர்கள்.