ஐஇசி, எச்எஸ் கோடு: இறக்குமதியில் புழங்கியவர்களின் அனுபவம்

ஐஇசி, அதாவது இறக்குமதி - ஏற்றுமதிக்கான அடையாள எண், வாங்குவதில் குறை சொல்ல அதிகமில்லை. டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் பான், முகவரிச் சான்று, கேன்சல் செய்த காசோலை, 500 ரூபாய் கட்டணம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி வந்த பிறகு பான் எண்ணே ஐஇசி எண். கோளாறு பின்னால்தான் வரும். 2021 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் - ஜூனுக்குள் உள்ளே போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், எதுவும் மாறாவிட்டாலும். தவறவிட்டால் ஐஇசி முடங்கும். கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

உண்மையான உழைப்பு, சுங்க வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் கோடில் இருக்கிறது. சப்ளையர் இன்வாய்ஸில் போட்ட கோடை அப்படியே எடுத்துக்கொள்வது பரவலான தவறு. முதல் 6 இலக்கங்கள்தான் உலகப் பொது. நம் அட்டவணையின் கடைசி 2 இலக்கங்கள் இந்தியாவுக்கு மட்டுமே உரியவை. அந்த ஆறையும்கூட சப்ளையர் தன் நாட்டு வசதிக்கேற்பப் போட்டிருக்கலாம்.

எவர்சில்வர் பிளாஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். எஃகு என்பதால், எஃகு வீட்டுப் பாத்திரங்களுக்கான 7323 என்ற தலைப்பில் (கோடின் முதல் 4 இலக்கம்) போடத் தோன்றும். ஆனால் உலோகங்களுக்கான 15-ஆம் பிரிவின் குறிப்பு, 96-ஆம் அத்தியாயப் பொருட்களை வெளியே தள்ளிவிடுகிறது. வெற்றிடக் காப்புள்ள பிளாஸ்க் 9617-க்குப் போகும். ஒற்றைச் சுவர் பாட்டிலும், இரட்டைச் சுவருக்கிடையே வெறும் காற்று இருப்பதும் 7323-இலேயே நிற்கும். பிளாஸ்க்கின் கண்ணாடி உள்குடுவை தனியாக வந்தால் 7020. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன்பே குறுக்குவெட்டுப் படம் கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸில் ‘எஸ்எஸ் பாட்டில்’ என்று மட்டும் இருந்தால் சுங்கத்துறையிடமிருந்து குவெரி (விளக்கம் கேட்டு) வரும்; இரட்டைச் சுவர், வெற்றிடக் காப்பு, கொள்ளளவு, மாடல் எண் எல்லாம் இருக்கட்டும். இன்சுலேட்டட் பிளாஸ்க்குக்கு 2023-இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத சரக்கை வரி கட்டியும் வெளியே எடுக்க முடியாது.

கோடு மாறினால் கணக்கும் மாறும். மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்கம் 10% என்று வையுங்கள். சுங்கம் 10,000, சமூக நல சர்சார்ஜ் அதில் 10%, அதாவது 1,000. ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் பொருந்தும் ஜிஎஸ்டி) 18% என்றால் இவை எல்லாம் சேர்ந்த 1,11,000-க்குக் கணக்கிட வேண்டும்: 19,980. மொத்தம் 30,980. சர்சார்ஜைச் சுங்கத்தின் மேல் போடாமல், தவறாக மதிப்பின் மேல் போட்டு விலை நிர்ணயம் செய்தவர்கள் உண்டு.

2011 முதல் சுய மதிப்பீடு என்பதால் கோடுக்கான பொறுப்பு இறக்குமதியாளருடையது, சிஎச்ஏ (சுங்க முகவர்) போட்டுக் கொடுத்தாலும். குறைவாகக் கட்டிய வரியை 2 ஆண்டு வரை கேட்கலாம். மறைத்ததாக முடிவானால் 5 ஆண்டு வரை, வட்டியோடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஏன் அந்தக் கோடு என்று அரைப்பக்கம் எழுதி, பொருளின் கேட்டலாக்குடன் சேர்த்துக் கோப்பில் வைப்பது அப்போது கைகொடுக்கும்.

பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்துக்கான இறக்குமதி அறிக்கை) பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. பில் ஆஃப் என்ட்ரியில் கிளையின் ஜிஎஸ்டி எண் மாறிப்போனால் ஐஜிஎஸ்டி கிரெடிட் வேறு மாநிலக் கணக்கில் போய் உட்காரும். தாக்கலுக்கு முன் செக்லிஸ்ட்டில் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் அதுதான்.

இரண்டு தலைப்புகளுக்கும் நியாயம் இருக்கிற பொருளைத் தொடர்ந்து இறக்கப் போகிறீர்கள் என்றால், 10,000 ரூபாய் கட்டி டெல்லி அல்லது மும்பையில் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகுங்கள். அதன் முடிவு உங்களையும் துறையையும் கட்டுப்படுத்தும். முதல் கன்டெய்னருக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.